முதல்ல கிளாஸுக்குப் போனது வைஷாலி: ஒரு சென்னை வீட்டோட செஸ் முடிவு, நிகழ்வு ஆய்வு

பொண்ணு கார்ட்டூன் பாக்கறதைக் குறைக்கணும். சென்னை பாடியில ரமேஷ்பாபு, நாகலட்சுமி வீட்டுல மூத்த பொண்ணு வைஷாலி செஸ் கிளாஸ்ல சேர்ந்ததுக்குக் காரணம் இவ்ளோதான், இதை அப்பாவே பேட்டிகள்ல சொல்லிருக்கார். ஆனந்த் மாதிரி வரணும், செஸ்ல பெரிய பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆகணும்னு யாரும் உக்காந்து பிளான் போடல. ஸ்கூல் விட்டு வந்தா டிவி முன்னாடியே உக்காந்திருக்கா, கவனம் வேற எதுலயாவது போகட்டும்னு செஸ், டிராயிங்னு சேர்த்துவிட்டாங்க. அப்ப அவளுக்கு ஆறேழு வயசு இருக்கும்.

2023 டிசம்பர்ல, ஸ்பெயின்ல நடந்த எல் லோப்ரெகாட் ஓபன்ல அதே வைஷாலி 2500 ரேட்டிங்கைத் (ஒருத்தர் எவ்ளோ பலமா ஆடறார்னு காட்டற எண்) தாண்டி கிராண்ட்மாஸ்டர் ஆனாங்க. இந்தியாவுல பெண்கள்ல கோனேரு ஹம்பி, ஹரிகா ரெண்டு பேருக்கு அப்புறம் மூணாவது ஆள். தம்பி பிரக்ஞானந்தா 2018லயே ஆகிட்டதால, உலகத்துலயே அக்கா தம்பி ரெண்டு பேரும் கிராண்ட்மாஸ்டரா இருக்கற முதல் ஜோடி இவங்கதான்.

இந்த ரெண்டு விஷயத்துக்கும் நடுவுல பதினாறு பதினேழு வருஷம் இருக்கு. அதுலதான் எனக்கு ஆர்வம். ஏன்னா குழந்தையை ஒரு போட்டி விளையாட்டுல இறக்கறதைப் பத்தி பேசும்போது எல்லாரும் அந்த முதல் நாளைப் பத்தியே பேசறாங்க, எந்த வயசுல சேர்க்கணும், யாரு கோச், குழந்தைக்கு டேலண்ட் இருக்கான்னு எப்படி தெரியும்னு. செஸ் டோர்னமெண்ட் ஹால் வாசல்ல காத்திருக்கற அப்பா அம்மாக்கள் கிட்ட நான் பேசினவரைக்கும் கேள்வி இதேதான். இந்த வீட்டை எடுத்துப் பாத்தா, முதல் நாள் எடுத்த முடிவு ரொம்பச் சின்னது, சொல்லப்போனா அது செஸ் பத்தின முடிவே இல்ல. பெரிய முடிவெல்லாம் பின்னாடி வந்துச்சு, ஒண்ணு இல்ல, பல தடவை, அதுலயும் பெரும்பாலும் காசும் நேரமும் சம்பந்தப்பட்டது.

ஏன் செஸ், ஏன் கேரம் இல்ல

டிவியைக் குறைக்கறதுக்கு எந்த கிளாஸ்ல வேணும்னாலும் சேர்த்திருக்கலாம். பாட்டு, டான்ஸ், அபாகஸ், ஹிந்தி டியூஷன்னு சென்னையில தெருவுக்கு ஒண்ணு இருக்கு. ஆனா 2000களோட நடுவுல வட சென்னை, அம்பத்தூர், முகப்பேர் பக்கம் வளர்ற குழந்தைக்கு செஸ் கிளாஸ் கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சே, அது தானா நடந்தது இல்ல.

இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழ) மானுவல் ஆரோன், 1961ல பட்டம் வாங்கினவர், அவர் இங்கதான் இருந்து ஆடினார். 1972ல சோவியத் கலாச்சார மையத்துல தால் செஸ் கிளப் ஆரம்பிச்சாங்க, ஆனந்த் சின்ன வயசுல போனது அங்கதான். ஆனந்துக்கு ஆறு வயசுல காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தது அவங்க அம்மா சுசீலா, அந்த வீட்டுலயும் பெரிய திட்டம் எதுவும் இல்ல, அண்ணனும் அக்காவும் ஆடறதைப் பாத்து இவரும் கேட்டார், அம்மா சொல்லிக்கொடுத்தாங்க. 1988ல அவர் இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதுக்கு அப்புறம் ஊரே மாறிடுச்சு.

ஆனந்த் கதை எல்லாருக்கும் தெரியும். அவ்வளவா யாரும் பேசாதது பொண்ணுங்க கதை. எஸ். விஜயலட்சுமி, இந்தியாவோட முதல் பெண்கள் கிராண்ட்மாஸ்டர் (இது பெண்களுக்கு மட்டும் உள்ள தனிப் பட்டம், கிராண்ட்மாஸ்டருக்குக் கீழ), சென்னைக்காரங்க, அந்தப் பட்டம் வாங்கினது 2001ல, அதாவது வைஷாலி பிறந்த அதே வருஷம். விஜயலட்சுமியோட தங்கச்சி மீனாட்சியும் பின்னாடி அதே பட்டம் வாங்கினாங்க. ஆர்த்தி ராமசாமி 1999ல 18 வயசுக்குட்பட்ட பெண்கள் உலக சாம்பியன். ஒரு பேங்க் ஊழியர் வீட்டுல மூத்த பொண்ணை செஸ்ல சேர்க்கறாங்கன்னா அக்கம்பக்கத்துல யாரும் புருவத்தைத் தூக்கல, அதுக்கு இவங்க எல்லாம் முன்னாடியே ஆடி வெச்சிருந்ததும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன். இந்தியாவுல வேற பல ஊர்கள்ல அப்ப அந்த நிலைமை இல்ல.

அந்த ஆர்த்தியோட கணவர்தான் ஆர்.பி. ரமேஷ், 2002ல பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் ஜெயிச்ச கிராண்ட்மாஸ்டர். நல்லா ஆடிட்டு இருந்தவர் கோச்சிங் பக்கம் முழுசா திரும்பி, மனைவியோட சேர்ந்து செஸ் குருகுலம் ஆரம்பிச்சார். வைஷாலிக்கும் பிரக்குக்கும் ஆரம்ப கோச் தியாகராஜன், ப்ளூம் செஸ் அகாடமியில, அப்புறம் ரமேஷ் கிட்ட போனாங்க. கோச்சைத் தேடி வேற ஊருக்குக் குடிபோக வேண்டிய அவசியமே இந்தக் குடும்பத்துக்கு வரல, எல்லாமே ஒரே ஊருக்குள்ள கிடைச்சுது. பாதிப் பேர் இதைக் கணக்குலயே எடுக்கறதில்ல. மதுரைப் பக்கமோ தர்மபுரிப் பக்கமோ இதே அளவு திறமை உள்ள ஒரு பொண்ணு இருந்திருந்தா, அந்த வீட்டுக்கு செலவும் அலைச்சலும் ரெண்டு மடங்கு ஆகியிருக்கும்.

தம்பி எப்படி வந்தான்

வைஷாலி ஒரு டோர்னமெண்ட்ல ஜெயிச்சதுக்கு அப்புறம்தான் தனக்கே செஸ் மேல ஆசை வந்துச்சுன்னு சொல்லிருக்காங்க. இதைக் கவனிக்கணும். கிளாஸ்ல சேர்த்தது அப்பா அம்மா, ஆனா தொடர்ந்து போகணும்னு பொண்ணு நினைச்சது ஜெயிச்சதுக்கு அப்புறம். தோத்துட்டே இருந்திருந்தா ஆறு மாசத்துல டிராயிங் மட்டும் மிஞ்சியிருக்கலாம், அது ஒரு தப்பும் இல்ல.

பிரக்ஞானந்தா அக்காவை விட நாலு வயசு சின்னவன், 2005 ஆகஸ்ட்ல பிறந்தவன். வீட்டுல எப்பவும் ஒரு போர்டு விரிச்சிருக்கும், அக்கா உக்காந்து ஏதோ பண்ணிட்டிருப்பா, மூணு நாலு வயசுப் பையன் சும்மா இருப்பானா, பக்கத்துல போய் உக்காந்துட்டான். அவனை யாரும் சேர்க்கல, அவனா ஒட்டிக்கிட்டான். உண்மையைச் சொன்னா அப்பா அவனைச் சேர்க்கவே யோசிச்சார், பொண்ணை வெச்சே இந்த விளையாட்டுல எவ்ளோ செலவாகும்னு தெரிஞ்சுபோச்சு, ரெண்டாவது குழந்தையையும் இதுலயே இறக்கினா வீடு தாங்குமாங்கற பயம். ரமேஷ்பாபு கூட்டுறவு வங்கியில வேலை பாக்கறவர், போலியோவால நடக்கறதுல சிரமம் உள்ளவர், ஊர் ஊரா கூட்டிட்டுப் போக அவரால முடியாது. அந்த வேலை முழுக்க நாகலட்சுமி தலையில விழும்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

அதனால ஒரே வீட்டுல ரெண்டு வேற மாதிரி ஆரம்பம். அக்காவுக்கு முடிவெடுத்தது பெரியவங்க, தம்பிக்கு அவனே. அக்காவோட ஆரம்பம் டிவியை நிறுத்தறதுக்கு, தம்பியோடது அக்கா பண்றதைத் தானும் பண்ணணும்ங்கறதுக்கு. ரெண்டுலயும் சாம்பியன் கனவு எதுவும் இல்ல.

இந்த இடத்துல ஹங்கேரியோட போல்கர் குடும்பத்தை நினைக்காம இருக்க முடியல. அப்பா லாஸ்லோ போல்கர், மேதைகள் பிறக்கறதில்ல, உருவாக்கப்படறாங்கன்னு நம்பினவர், குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே அதை நிரூபிச்சுக் காட்டறதுன்னு முடிவு பண்ணவர். ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுலயே படிக்கவெக்க அரசாங்கத்தோட சண்டை போட்டார். ஆனா எந்தத் துறைன்னு அவர் முடிவு பண்றதுக்குள்ள மூத்த பொண்ணு சூசன் நாலு வயசு ஆகறதுக்குள்ளயே வீட்டுல இருந்த செஸ் காய்களைக் கண்டுபிடிச்சு இது என்னன்னு கேட்டுட்டா, அங்கேர்ந்துதான் செஸ். தங்கச்சிங்க சோஃபியாவும் ஜூடித்தும் அக்கா பின்னாடியே வந்தாங்க. கடைசிப் பொண்ணு ஜூடித் 1991ல 15 வயசு 4 மாசத்துல கிராண்ட்மாஸ்டர் ஆகி, ரொம்ப சின்ன வயசுல அந்தப் பட்டம் வாங்கினதுல பாபி ஃபிஷர் வெச்சிருந்த ரெக்கார்டை உடைச்சாங்க, பின்னாடி ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரையும் சேர்த்த உலக ரேங்கிங்ல 8வது இடம் வரைக்கும் போனாங்க. உலகத்துலயே ரொம்ப கறாரா திட்டம் போட்ட அப்பா வீட்டுல கூட விளையாட்டைக் கையில எடுத்தது குழந்தைதான். மூத்தவ தொட்டதை சின்னவங்க தொட்டதும் அங்கயும் அப்படியே இருக்கு. பாடிக்கும் புடாபெஸ்ட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், இங்க யாரும் ஸ்கூலை விடச் சொல்லல, எதையும் நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் இல்ல.

பில் வர ஆரம்பிச்சப்போ

2012ல ஸ்லோவேனியாவுல மாரிபோர்ல நடந்த உலக இளையோர் போட்டியில 12 வயசுக்குட்பட்ட பெண்கள் பிரிவுல வைஷாலி சாம்பியன். அடுத்த வருஷம் பிரக் 8 வயசுக்குட்பட்ட பிரிவுல சாம்பியன், அல் ஐன்ல. அதே 2013ல, அந்த வருஷக் கடைசியில உலக சாம்பியன் ஆன மேக்னஸ் கார்ல்சன் சென்னை வந்தப்போ ஒரே நேரத்துல பல பேரோட ஆடினார், அதுல 12 வயசு வைஷாலி அவரை ஜெயிச்சா. 2015ல கிரீஸ்ல போர்ட்டோ கராஸ்ல அக்கா 14 வயசுக்குட்பட்ட பெண்கள்ல, தம்பி 10 வயசுக்குட்பட்ட பிரிவுல, ரெண்டு பேரும் ஒரே போட்டியில உலக சாம்பியன்.

வெளியிலேர்ந்து பாத்தா இது கப்பும் மாலையும். வீட்டுக்குள்ள இதுதான் உண்மையான முடிவு எடுக்க வேண்டிய இடம், ஏன்னா இதுக்கு மேல போகணும்னா இந்தியாவுக்குள்ளயே ஆடிட்டு இருந்தா பத்தாது.

எப்படின்னா, கிராண்ட்மாஸ்டர் பட்டம் வேணும்னா 2500 ரேட்டிங் தொடணும், கூடவே மூணு நார்ம் வாங்கணும். நார்ம்னா சாதாரணமா 9 ரவுண்டு உள்ள ஒரு டோர்னமெண்ட்ல 2600 ரேட்டிங் உள்ள ஆள் அளவுக்கு ஆடிக் காட்டறது. அதுலயும் கண்டிஷன் இருக்கு, எதிர்ல உக்கார்றவங்கள்ல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு கிராண்ட்மாஸ்டரா இருக்கணும், வேற வேற நாட்டுக்காரங்க இருக்கணும். இந்த மாதிரி போட்டி ஐரோப்பாவுல ஒரு ஊர் விட்டு ஒரு ஊர் ரயில்ல போற தூரத்துல நடந்துட்டே இருக்கும். நம்ம ஊர்ல அந்தக் காலத்துல எண்ணி சிலதுதான். அதனால சென்னைக் குழந்தைக்கு விசா, ஃப்ளைட், ஹோட்டல், எண்ட்ரி ஃபீஸ், எல்லாமே ரெண்டு ஆளுக்கு, ஏன்னா பத்து வயசுக் குழந்தை தனியாப் போக முடியாது. ரெண்டு குழந்தை வேற வேற ஊர்ல ஆடினா இன்னும் சிக்கல். அவ்ளோ செலவு பண்ணிப் போயும் நார்ம் அரை பாயிண்ட்ல போயிடலாம். வெறும் கையோட திரும்பி வந்து அடுத்ததுக்கு டிக்கெட் போடணும்.

நிகழ்வு ஆய்வுன்னு எடுத்துக்கிட்டா என் கணக்குல முடிவு எடுக்கப்பட்டது இங்கதான், ஒவ்வொரு டிக்கெட் போடும்போதும். ரமேஷ்பாபு சென்னையில உக்காந்து பயணத்தைத் திட்டம் போட்டுட்டு காசுக்கும் வழி பாப்பார், நாகலட்சுமி கூடவே போவாங்க. அந்தம்மா வெளிநாடு போகும்போது இண்டக்‌ஷன் அடுப்பும் பாத்திரமும் எடுத்துட்டுப் போயிடுவாங்க, சோறும் ரசமும் ஹோட்டல் ரூம்லயே. இதை நிறைய பேர் நெகிழ்ச்சியான கதையா மட்டும் எழுதறாங்க. எனக்கு இதுல ஒரு நடைமுறைக் காரணமும் தெரியுது, வெளிநாட்டுல வெஜிடேரியன் சாப்பாடு தேடி அலையறது பெரிய வேலை, ஒரு கேம் அஞ்சு மணி நேரம் ஆறு மணி நேரம் போகும், குழந்தை பழகின சாப்பாடு சாப்பிட்டுட்டு போய் உக்காந்தா கடைசி மணி நேரத்துல மூளை வேலை செய்யும். அது செலவைக் குறைக்கற வழியும்கூட. கோச் பண்ற வேலைக்கு இது எந்த விதத்துலயும் குறைஞ்சது இல்ல.

ஸ்கூல் பக்கம் வந்தா, ரெண்டு பேரும் முகப்பேர் வேலம்மாள்ல படிச்சாங்க, செஸ் ஆடற பிள்ளைங்களுக்கு லீவு தர்ற பழக்கம் அந்த ஸ்கூல்ல இருந்துச்சு. ஆனா படிப்பை நிறுத்தல. 2022 மே மாசம் ஒரு ஆன்லைன் போட்டியோட அரையிறுதியில பிரக் நெதர்லாந்தோட முன்னணி கிராண்ட்மாஸ்டர் அனிஷ் கிரியை ஜெயிச்சப்போ நம்ம நேரத்துக்கு நடு ராத்திரி ரெண்டு மணி கிட்ட இருக்கும், மறுநாள் காலையில ஸ்கூல்ல பதினொண்ணாம் கிளாஸ் பரீட்சை, அங்க போய் நிக்கணும். போட்டி முடிஞ்ச கையோட பேட்டியில அவன் அதைச் சாதாரணமா சொல்லிட்டுப் போனான், கேட்டுட்டு இருந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு ஆச்சரியம் தாங்கல.

இதே ஊர்ல குகேஷ் வீட்டுல முடிவு வேற மாதிரி போச்சு. 2013ல, ஏழு வயசுல, வாரத்துக்கு மூணு நாள் ஒரு மணி நேரம்னு ஆரம்பிச்சவன். அந்த வருஷ நவம்பர்ல ஆனந்த் கார்ல்சன் உலக சாம்பியன்ஷிப் சென்னையில நடந்தப்போ பார்வையாளர் இடத்துல உக்காந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாத்தவன், 2024ல சிங்கப்பூர்ல அதே உலக சாம்பியன்ஷிப்பைத் தானே ஜெயிச்சப்போ அதை அவனே நினைவுபடுத்தினான். அவங்க அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர், மகனோட போறதுக்காக தொழிலையே நிறுத்தினார், மைக்ரோபயாலஜிஸ்டான அம்மா சம்பளத்துல வீடு ஓடுச்சு, பையன் நாலாங்கிளாஸுக்கு மேல ரெகுலரா ஸ்கூல் போகல. அது சரியா இது சரியான்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ரெண்டு வீட்டுலயும் கையில இருந்தது வேற வேற. டாக்டர் வீட்டுல ஒருத்தர் வேலையை விட்டா இன்னொருத்தர் சம்பளம் இருந்துச்சு. பாடியில ஒரே சம்பளம், ரெண்டு குழந்தை, அப்பா வேலையை விடற பேச்சுக்கே இடம் இல்ல. அதனால அம்மாவோட நேரம் போச்சு. வீட்டு வேலைன்னு நாம கணக்குல சேர்க்காத அந்த நேரம்தான் இந்தக் குடும்பம் போட்ட பெரிய முதலீடு.

மூணு மாசம்

2016ல பிரக் 10 வயசு 10 மாசத்துல இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனான், அப்ப உலகத்துலயே ரொம்ப சின்ன வயசுல அந்தப் பட்டம். உடனே எல்லாருக்கும் ஒரே கணக்குதான், செர்கே கர்யாகின் 12 வயசு 7 மாசத்துல கிராண்ட்மாஸ்டர் ஆனார், அப்ப அதுதான் உலக ரெக்கார்ட், இவன் அதை உடைப்பானா. 2018 மார்ச் வரைக்கும் நேரம். ஒரு பதினொரு வயசுப் பையன் டோர்னமெண்ட்ல உக்காந்திருக்கான், வெளியில பத்திரிகைக்காரங்க நாளை எண்றாங்க. முதல் நார்ம் 2017 நவம்பர்ல இத்தாலியில உலக ஜூனியர்ல வந்துச்சு, ரெண்டாவது வர்றதுக்குள்ள மார்ச் போயிடுச்சு. கடைசி நார்ம் 2018 ஜூன் 23, மறுபடியும் இத்தாலிதான், அப்ப 12 வயசு 10 மாசம் 13 நாள். மூணு மாசத்துல ரெக்கார்ட் போச்சு.

எனக்கு இந்தக் கதையில ரொம்ப பிடிச்ச பகுதி இது, ஏன்னா இதுல ஒண்ணுமே ஆகல. ரெக்கார்ட் போனதும் அவன் துவண்டு போகல, வீடும் உடையல, அடுத்த போட்டிக்குப் போனாங்க. குழந்தைக்கு ஒரு தேதியைக் குறிச்சுட்டா அந்தத் தேதி தாண்டினதும் விளையாட்டே முடிஞ்ச மாதிரி ஆகிடற அபாயம் இருக்கு. குகேஷும் அதே ரெக்கார்டை 17 நாள்ல விட்டவன்தான், அவன் 18 வயசுல உலக சாம்பியன். இந்த வயசு ரெக்கார்டுகளைத் துரத்தறதை நான் வெளிப்படையா எதிர்க்கறேன். பன்னெண்டு வயசுல மூணு மாசம் முன்னப்பின்ன ஆனதால யாரோட ஆட்டமும் மாறிடல, ஆனா அந்த மூணு மாசத்தோட பாரம் ஒரு குழந்தை மேல நிஜமா இறங்குது.

அக்காவோட அஞ்சு வருஷம்

2018ல தம்பி கிராண்ட்மாஸ்டர். அதே வருஷம் அக்கா ரீகாவுல ஆடி பெண்கள் கிராண்ட்மாஸ்டர் ஆனாங்க, 17 வயசு. ஆனா எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் "பிரக்ஞானந்தாவின் அக்கா". அவனுக்கு வழி போட்டதே அவங்கதான்னு யாருக்கும் நினைவே இல்ல. தம்பிக்குக் கிடைச்ச வசதியை யோசிச்சுப் பாருங்க, அவன் பிறந்து விவரம் தெரியறப்போவே வீட்டுல போர்டு இருந்துச்சு, கோச் தெரியும், எந்த டோர்னமெண்ட்ல ஆடணும்னு தெரியும், விசாவுக்கு எங்க நிக்கணும்னு அப்பாவுக்கு அத்துப்படி. இதெல்லாம் முதல் குழந்தையை வெச்சு ஒவ்வொண்ணா கத்துக்கிட்டது. செஸ்ல தம்பி தங்கச்சிங்க அக்கா அண்ணனை முந்தறது போல்கர் வீட்டுலயும் நடந்துச்சு, அதைத் திறமைக் கணக்கா மட்டும் பாக்கறது நியாயம் இல்ல. முதல்ல போறவங்க தெரியாத வழியில போறாங்க, பின்னாடி வர்றவங்க அவங்க மிதிச்ச தடத்துல வேகமா நடக்கறாங்க.

அந்த அஞ்சு வருஷம் வைஷாலி என்ன பண்ணாங்கன்னா, ஆடினாங்க. 2021ல இன்டர்நேஷனல் மாஸ்டர். 2022ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் (நாடுகள் அணியா மோதற போட்டி), வீட்டுலேர்ந்து கார்ல போற தூரம், பெண்கள் அணி வெண்கலம், மூணாவது போர்டுல (அணியில மூணாவது ஆளா ஆடற இடம்) தனிப்பட்ட வெண்கலமும். அந்தப் பக்கம் இந்தியாவோட ரெண்டாவது அணியில தம்பியும் மூணாவது போர்டு, அந்த அணிக்கும் வெண்கலம், அவனுக்கும் தனிப்பட்ட வெண்கலம். 2023 அக்டோபர்ல கத்தார் மாஸ்டர்ஸ்ல மூணாவது நார்ம், அடுத்த மாசம் ஐல் ஆஃப் மேன்ல பெண்கள் கிராண்ட் ஸ்விஸ் போட்டியில முதலிடம், டிசம்பர்ல கிராண்ட்மாஸ்டர்.

அதுக்கு முன்னாடி, அதே வருஷம் ஆகஸ்ட்ல பாகுவுல உலகக் கோப்பை, பிரக் உலகத்தோட முன்னணி ஆட்டக்காரங்களான நகமுராவை, கரூவானாவை எல்லாம் தாண்டி ஃபைனல் போய் டைபிரேக்ல (சமநிலைக்கு அப்புறம் ஆடற வேக கேம்கள்) கார்ல்சன் கிட்ட தோத்தார். அங்க ஓரமா நின்னுட்டு மகனைப் பாத்துட்டிருந்த நாகலட்சுமியோட போட்டோ ஊரெல்லாம் சுத்துச்சு. அப்புறம் ஆனந்த் மஹிந்திரா கார் பரிசு கொடுத்தார், அதை அப்பா அம்மா பேருக்குக் கொடுத்தது எனக்கு ரொம்ப நிறைவா இருந்துச்சு, சரியான ஆளுங்களுக்குப் போச்சு.

2024 ஏப்ரல் டொரண்டோ கேண்டிடேட்ஸ், அதாவது உலக சாம்பியனோட மோதப்போறது யாருன்னு முடிவு பண்ற போட்டி, அக்கா தம்பி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தகுதி பெற்றது அதுதான் முதல் தடவை. வைஷாலி நடுவுல வரிசையா நாலு கேம் தோத்தாங்க. நாலு. 14 ரவுண்டு போட்டியில அதுக்கப்புறம் ஆடறதுக்கே மனசு வராது. அங்கேர்ந்து கடைசி அஞ்சு கேமும் ஜெயிச்சு ரெண்டாவது இடத்தைப் பகிர்ந்துக்கிட்டாங்க. செப்டம்பர்ல புடாபெஸ்ட் ஒலிம்பியாட்ல இந்தியா ஆண்கள், பெண்கள் ரெண்டு பக்கமும் தங்கம், அக்காவுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு.

இதை மத்த வீடுகள் எப்படிப் பாக்கலாம்

சென்னையில செஸ் கிளாஸ் போற பெரும்பாலான குழந்தைங்க ஒன்பதாம் கிளாஸ் பத்தாம் கிளாஸ் வரும்போது நிறுத்திடறாங்க. போர்டு எக்ஸாம், அப்புறம் நீட், ஜேஇஇ. இதை இழப்பா பாக்க வேண்டாம். அஞ்சாறு வருஷம் ஞாயித்துக்கிழமை ஹால்ல உக்காந்து தோத்து, எந்திரிச்சு எதிராளிக்குக் கை கொடுத்துட்டு, மறுபடி அடுத்த ரவுண்டுக்கு யார் யாரோட ஆடணும்னு போட்டிருக்கற பேரிங் சார்ட்ல பேர் தேடின குழந்தைக்கு அது வீண் போகாது. என்னைக் கஷ்டப்படுத்தறது வேற, சிலர் இந்த பாடி வீட்டுக் கதையைப் படிச்சுட்டு குழந்தையை இறக்கறாங்க, ரெண்டு வருஷத்துல உலக சாம்பியன் கப் வரலன்னா குழந்தைக்கு முன்னாடியே கோச்சைத் திட்டறாங்க, தோத்துட்டு வெளிய வர்ற எட்டு வயசுப் பிள்ளைகிட்ட தண்ணி பாட்டிலை நீட்டறதுக்கு முன்னாடி "குயீனை ஏன்டா விட்ட"ன்னு கேக்கறாங்க.

வைஷாலி வீட்டுல எந்த எதிர்பார்ப்பும் இல்லாம ஆரம்பிச்சாங்க, அது பெரிய பலம். டிவியைக் குறைக்கறதுதான் இலக்கு, அது நிறைவேறிடுச்சு, அதுக்கு மேல வந்ததெல்லாம் குழந்தைங்க தாங்களா கேட்டு வாங்கினது. அம்மா கூடவே போனாங்க, ஆனா அந்தம்மா செஸ் பிளேயர் இல்ல, கேம் முடிஞ்சு வந்தா மூவ் பத்தி விசாரணை பண்ண ஆள் இல்ல, சாப்பாடு இருந்துச்சு. இது எவ்ளோ பெரிய விஷயம்னு டோர்னமெண்ட் சுத்தற குழந்தைங்களைக் கேட்டா தெரியும்.

இன்னொண்ணு, முடிவு யாரோடதுங்கறது வயசோட மாறணும். ஆறு வயசுல அப்பா அம்மாவோடது, பரவால்ல. பத்து வயசுல குழந்தைக்குப் பாதிப் பங்கு இருக்கணும். பதினாறுல அது முழுக்க அவங்களோடதா ஆகலன்னா, அந்தப் பிள்ளை அப்பா அம்மாவுக்காகத்தான் போர்டு முன்னாடி உக்காந்திருக்கு.

2025 ஆகஸ்ட்ல சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் சேலஞ்சர்ஸ் போட்டியில வைஷாலி சொந்த ஊர்ல எல்லாரும் பாக்க வரிசையா ஏழு கேம் தோத்தாங்க. அடுத்த மாசம் சமர்கந்துல கிராண்ட் ஸ்விஸ், அதுக்குப் போகவே வேணாம்னு நினைச்சாங்க. கிராண்ட்மாஸ்டர் கார்த்திகேயன் முரளி மாதிரி கூட இருக்கறவங்க பேசிப் பாத்தாங்க. 24 வயசு, கிராண்ட்மாஸ்டர், சம்பாதிக்கறாங்க, போகலன்னு சொன்னா கேக்கறதுக்கு யாரும் இல்ல, டிவியை அணைச்சுட்டு கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போகவும் யாரும் இல்ல. போனாங்க. 11 ரவுண்டுல 8 பாயிண்ட், ரெண்டாவது தடவையா கிராண்ட் ஸ்விஸ் பட்டம், மறுபடியும் கேண்டிடேட்ஸ் இடம். செஸ் ஆடணும்ங்கற முடிவை வைஷாலி முழுக்கத் தன்னோடதா எடுத்தது எப்பன்னு என்னைக் கேட்டா, சமர்கந்துக்கு ஃப்ளைட் ஏறினதைத்தான் சொல்வேன்.